சிறுவர் சித்திரமும் நாம் சொல்லும் சொல்லும்

எமது தமிழ்ப் பாடசாலையில் சனிக்கிழமை தோறும் மொழிப்பாடம் முடிவுற்ற பின்னர் முக்கால் மணி நேரம் சித்திர வகுப்பு நடைபெற்று வருகின்றது. நடனம், சங்கீதம், மிருதங்கம் ஆகியவற்றுக்குக் கிடைக்கும் மதிப்பு இவ்வகுப்புக்குக் கிடைப்பதில்லை. அரங்கேற்றம் காணாத கலை இது. மழை பெய்தால் விளையாட்டுக்குப் பதிலாகச் சித்திரம், ஆசிரியர் வராவிட்டால் பாடத்துக்குப் பதிலாகச் சித்திரம் என்ற நிலை ஊரிலும் இருந்தது, இங்கும் இருக்கின்றது. ஆயினும் இவ்வகுப்பின் முடிவில் வாரந்தோறும் நிகழும் ஒரு சிறு செயலைப் பற்றி, பெற்றோரும் மாணவரும் ஒருங்கே வாசிக்கும் இம்மலரில் சில சொல்ல விரும்புகின்றோம். பிள்ளை தன் தாளைக் கொண்டுவந்து எம்முன் நீட்டுகின்றது. "சேர், இங்கே பாருங்கோ" என்கின்றது. அவ்வேளையில் பெரியவர்களாகிய நாம் என்ன மறுமொழி கூறுகின்றோம்?

பெரும்பாலும் "நல்லாயிருக்கு" என்கின்றோம். பாராமலே கூறக்கூடிய சொல் அது. அல்லது பிழை கூறுகின்றோம்: "கை நீளமாய்ப் போச்சு", "மாட்டுக்குக் கொம்பு எங்கே?", "கோட்டுக்கு வெளியே நிறம் போகக் கூடாது." வகுப்பு முடிந்து பிள்ளையை அழைத்துச் செல்ல வரும் பெற்றோர் வாசலில் நின்று கேட்பது வேறொன்று: "மாஸ்ரர், எத்தனை புள்ளி?" நோர்வே நாட்டின் அரச பாடசாலைகளில் ஏழாம் வகுப்பு வரை எந்தப் பாடத்துக்கும் புள்ளி இடப்படுவதில்லை, எட்டாம் வகுப்பிலேயே அது தொடங்குகின்றது. இதனை இங்கு பல்லாண்டு வாழ்ந்தும் எம்மவரால் ஏற்க முடியவில்லை. திங்கள் முதல் வெள்ளி வரை கிடைக்காத புள்ளியைச் சனிக்கிழமையிலாவது பெற்றுவிட வேண்டுமென அவர்கள் எண்ணுவதில் வியப்பில்லை. புள்ளியினால் உயர்ந்தவர்களும் புள்ளியினால் ஒதுக்கப்பட்டவர்களும் அல்லவா நாம்!

நாம் சிறுவராயிருந்து பயின்ற சித்திர வகுப்பை எண்ணிப் பார்க்கின்றோம். ஆசிரியர் கரும்பலகையில் இரண்டு மலைகளை வரைவார். அவற்றின் நடுவே அரைச் சூரியன். அடிவாரத்திலிருந்து வளைந்து வரும் ஓர் ஆறு. கரையில் ஒரு குடிசை. பக்கத்தில் ஒரு தென்னை. வானத்தில் நான்கு கோட்டுப் பறவைகள். நாற்பது பேரும் அதனைச் சித்திரக் கொப்பியில் பார்த்து வரைவோம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலையும் இல்லை, ஆறும் இல்லை. வழுக்கையாறு என ஒன்று உண்டெனினும் மாரி ஒழிந்தால் அதுவும் இல்லை. எம்மில் எவரும் கண்டிராத மலையை எவர் கரும்பலகைக்கு அண்மையாக வரைந்தாரோ அவருக்கு இருபதுக்குப் பதினேழு. மற்றையோருக்குப் பத்தோ பன்னிரண்டோ. சிவப்பு மையில் எழுதப்பட்ட அந்த இலக்கத்தைத் தவிர வேறு சொல் எதுவும் கொப்பியில் இராது. ஐந்து புள்ளி ஏன் குறைந்தது என்பது எவருக்கும் தெரியாது. கேட்கலாம் என்பதும் தெரியாது.

இதற்கு நெடுங்காலம் முன்னரே வேறு வழி காட்டியோர் எமது மண்ணில் இருந்தனர் என்பது மறக்கற்பாலதன்று. 1920களில் இலங்கையின் தலைமைச் சித்திரப் பரிசோதகராயிருந்த சி. எப். வின்சர் பார்த்து வரையும் முறையைத் தளர்த்தி, புதிய ஓவிய நோக்கினைப் பாடசாலைகளுக்குக் கொணர்ந்தார். அவர் பெயரால் எஸ். ஆர். கனகசபை அவர்கள் 1938 இல் யாழ்ப்பாணத்தில் வின்சர் சித்திரக் கழகத்தை நிறுவினார். பின்வந்த ஓவியர் அ. மாற்கு அவர்கள் (1933–2000) ஆசிரியராகவே வாழ்ந்து ஒரு தலைமுறை ஓவியரைப் பயிற்றினார். எனினும் கிராமப் பாடசாலைகளின் கரும்பலகையில் மலைகளே நிலைத்து நின்றன.

சிறுவரின் சித்திரத்துக்குப் பரிசும் புள்ளியும் என்ன செய்கின்றன என்பதை ஆய்ந்தோர் உளர். 1973 இல் வெளியான ஆய்வொன்றில் மார்க் லெப்பரும் அவர்தம் துணைவரும் அமெரிக்காவிலுள்ள சிறுவர் பாடசாலை ஒன்றில், விருப்புடன் படம் வரையும் மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளை மூன்று குழுக்களாக்கினர். ஒரு குழுவினருக்கு, வரைந்தால் தங்க முத்திரையும் பட்டு நாடாவும் கொண்ட சான்றிதழ் தரப்படும் என முன்னரே கூறப்பட்டது. இரண்டாம் குழுவினருக்கு முன்னறிவிப்பு இன்றி இறுதியில் அச்சான்றிதழ் வழங்கப்பட்டது. மூன்றாம் குழுவினருக்கு ஒன்றுமில்லை. ஓரிரு வாரங்களின் பின் வகுப்பறையில் வண்ணப் பேனாக்களை வைத்து, எவர் தாமாக விரும்பி வரைகின்றனர் என மறைவிலிருந்து நோக்கினர். பரிசுக்காக வரைந்த பிள்ளைகள் மற்றையோர் செலவிட்ட நேரத்தில் ஏறத்தாழப் பாதியையே சித்திரத்தில் செலவிட்டனர். எதிர்பாராமற் பரிசு பெற்றோரிடம் அக்குறைவு காணப்படவில்லை. ஆகவே பரிசு நஞ்சு என்று நாம் கூறவில்லை. முன்கூட்டியே காட்டி அழைக்கும் பரிசுதான் பிள்ளையின் விருப்பத்தைத் தின்றுவிடுகின்றது.

புள்ளியைப் பற்றி 1988 இல் ரூத் பட்லர் என்பார் இஸ்ரேல் நாட்டு மாணவரிடையே செய்த ஆய்வு இன்னும் பொருத்தமானது. அது சித்திரம் பற்றியதன்று. மாணவர் செய்த வேலைக்குச் சிலரிடம் புள்ளி மட்டும், சிலரிடம் எழுத்திற் கருத்து மட்டும், சிலரிடம் இரண்டும் கொடுக்கப்பட்டன. கருத்து மட்டும் பெற்றோரின் அடுத்த வேலை மேம்பட்டது. இரண்டும் பெற்றோருக்கோ கருத்தினாற் பயன் விளையவில்லை. புள்ளி மட்டும் பெற்றோரைப் போலவே அவர்களும் நின்றனர். ஆசிரியத் தொழில் செய்த எவரும் இதனை ஒப்புவர். இலக்கத்தைக் கண்டவுடன் கொப்பி மூடப்படும்; அதன் கீழ் நாம் இரவிருந்து எழுதிய நான்கு வரிகளை வாசிப்பார் இலர்.

அவ்வாறாயின் என்ன சொல்வது? முதலில், கண்டதைச் சொல்வது. இது எளிதெனத் தோன்றும். செய்து பார்த்தால் தெரியும். "மரத்தின் ஒரு பக்கம் கடும்பச்சை பூசியிருக்கிறாய், மறுபக்கம் மஞ்சள் கலந்திருக்கிறாய். வெயில் எந்தப் பக்கத்தாலே வருகிறது?" இவ்வாறு கூறுவதற்கு ஆசிரியர் தாளை உண்மையாகப் பார்த்திருக்க வேண்டும். பிள்ளையும் அதனை உடனே உணர்ந்துகொள்ளும். "நல்லாயிருக்கு" என்பதற்குப் பிள்ளை சொல்லக்கூடிய மறுமொழி எதுவுமில்லை. வெயில் எந்தப் பக்கம் என்ற வினாவுக்கு மறுமொழி உண்டு. அதனைத் தமிழிற் கூறவேண்டும்.

இங்கேதான் சித்திர வகுப்பு எமது பாடசாலையின் தலையாய நோக்கத்துடன் இணைகின்றது. புலம்பெயர் வீடுகளிற் பிள்ளை கேட்கும் தமிழ் பெரும்பாலும் ஏவல் தமிழ்: வா, சாப்பிடு, படி, சப்பாத்தைக் கழற்று. கடும் நிறம், மெல்லிய நிறம், ஓரம், சாய்வு, நிழல், மங்கல், சொரசொரப்பு, கிட்ட, எட்ட என்னும் சொற்களுக்கு அங்கே வேலையில்லை. சித்திர மேசையில் அவற்றுக்கு வேலை உண்டு. எமது நான்காம் வகுப்பில் ஒரு சிறுவன் எதைக் கேட்டாலும் நோர்வீஜிய மொழியிலேயே விடை பகர்வான். ஒருநாள் அவன் வரைந்த துறைமுகத்தில் ஒரு கப்பல் பெரிதாயும் மற்றொன்று விரலளவாயும் இருக்கக் கண்டு, "இந்தக் கப்பல் ஏன் இவ்வளவு சின்னன்?" என்றோம். அவன் சிறிது நேரம் சொற்களைத் தேடிவிட்டு, "எட்ட நிற்கிறபடியால் சின்னன்" என்றான். ஒரு காரணத்தைக் கூறி அவன் எம்மிடம் முடித்த முதலாவது தமிழ் வாக்கியம் அதுவாகும். பயிற்சிக் கொப்பியில் மூன்று மாதம் எழுதியும் வராத "படியால்" அன்று வந்தது.

இனி, பெற்றோர் சிலருக்கு மனவருத்தம் தரினும் கூறவேண்டிய ஒன்று. "எங்கள் ஊர்" என்ற தலைப்பில் வரையும்போது பிள்ளைகளின் தாளிற் பெரியவர்களின் கை அதிகம் நுழைகின்றது. ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி முல்லைத்தீவிலுள்ள தன் அம்மம்மாவின் வீட்டை வரைந்தாள். கடல், வள்ளம், கிணறு, கோழி எல்லாம் இருந்தன. பின்னால் நீலமும் வெள்ளையுமாக மூன்று பெரிய மலைகள். அழைத்துச் செல்ல வந்த தந்தையார் பார்த்துவிட்டு, "எங்கட ஊரிலே ஏது பிள்ளை மலை? அழி அதை" எனக் கூறி அழிறப்பரைத் தேடினார். நாம் அவரைச் சற்றுப் பொறுக்கும்படி கேட்டு, சிறுமியிடம் மலையைப் பற்றி வினவினோம். அவள் எம்மை இரக்கத்துடன் நோக்கி, "மலை இல்லாட்டிச் சூரியன் எங்கே போய்ப் படுக்கும்?" என்றாள்.

மலைகளாற் சூழப்பட்ட நகரிற் பிறந்த பிள்ளை அது. அதன் கண்ணறிந்த மாலைப்பொழுதில் சூரியன் மலைக்குப் பின்னாலேயே மறைகின்றது. யாழ்ப்பாணத்தில் நாம் வரைந்த மலை கரும்பலகையிலிருந்து வந்தது. இவள் வரைந்த மலை சன்னலிலிருந்து வந்தது. இரண்டும் ஒன்றல்ல. அந்த மலையை அழித்தாற் சரியான முல்லைத்தீவு தோன்றும் எனத் தந்தையார் எண்ணினார். தோன்றுவது அவருடைய முல்லைத்தீவு, பிள்ளையினுடையது போய்விடும். நாம் சிறுமியிடம், "அங்கே சூரியன் காலையிற் கடலுக்குள்ளிருந்து எழும்பும். பின்னேரம் காட்டுக்குப் பின்னாலே போகும். நீ வரைந்தது காலையா, பின்னேரமா?" என்று மட்டுமே கேட்டோம். அவள் தந்தையாரை நோக்கி, "அப்பா, கடல் சுடாதா?" என்றாள். அதன்பின் தந்தையார் அழிறப்பரை வைத்துவிட்டு, விடியற்புறம் வள்ளங்கள் கரை திரும்பும் காட்சியைக் கால்மணி நேரம் தம் மகளுக்கு விவரித்தார். அவர் அவ்வாறு பேசி நாம் கேட்டதில்லை. மலைகள் தாளில் இருந்தபடியே இருந்தன. கடலின் மேல் ஒரு செம்மஞ்சட் கோடு புதிதாகச் சேர்ந்தது.

ஊர் பற்றிய எம் ஏக்கம் பெரிது. அதற்குப் பிள்ளையின் தாள் போதாது. நாம் இழந்ததை நாமே வரையலாம், எழுதலாம்.

பிள்ளைகளின் படங்களில் நாம் பிழையெனக் கருதுபவற்றுட் பல பிழையல்ல என்பதை விளக்கியவர்களுள் விக்டர் லோவன்பெல்ட் முதன்மையானவர். அவரும் ஒரு நாடிழந்தவரே. யூதராகிய அவர் 1938 இல் ஒஸ்திரியாவை விட்டு இங்கிலாந்துக்கும், பின்னர் அமெரிக்காவுக்கும் சென்றார். 1947 இல் வெளியான அவரது நூல் சிறுவர் சித்திரத்தின் படிநிலைகளை வயதுவாரியாக எடுத்துக்காட்டுகின்றது. ஏழு முதல் ஒன்பது வயது வரையிலான பிள்ளை தாளின் அடியில் நிலத்தை ஒரு கோடாகவும், உச்சியில் வானத்தை நீலப் பட்டையாகவும் வரையும். இடையில் வெறும் வெள்ளை. வீட்டுச் சுவரினூடாக உள்ளிருப்போர் தெரிவர். முக்கியமானவர் பெரிதாகவும் முக்கியமற்றவர் சிறிதாகவும் இருப்பர். இவற்றைத் திருத்துவது, தவழும் பிள்ளையை நடக்கவில்லையே என அதட்டுவதற்கு ஒப்பாகும்.

ஆனால் பத்து, பதினொரு வயதில் நிலைமை மாறுகின்றது. அப்பொழுது பிள்ளையே தன் படத்தைப் பார்த்து "வடிவில்லை" என்று கசக்கி எறிகின்றது. உள்ளதை உள்ளபடி வரைய அதற்கு ஆசை வந்துவிட்டது. கை இன்னும் வரவில்லை. இவ்வயதிலேயே மிகப் பலர் வரைவதை ஒரேயடியாக விட்டுவிடுகின்றனர். "எனக்குச் சித்திரம் வராது" எனக் கூறும் பெற்றோர் பலர் இவ்வயதில் விட்டவர்களே. இங்கே "நல்லாயிருக்கு" என்ற சொல் உதவாது. பிள்ளை அதனைப் பொய்யென்று அறியும். இங்கே கற்பிக்கவேண்டும். கதிரையொன்றை வரைந்து நான்கு கால்களையும் ஒரே அளவாக நிறுத்திய மாணவனிடம் "பிழை" என்பதற்குப் பதிலாக, "பின்கால்கள் எந்த உயரத்தில் முடிகின்றன? கதிரையைப் பார்த்துச் சொல்" எனலாம். பென்சிலைக் கையை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பெருவிரலால் அளக்கக் காட்டலாம். கால்களை மறந்து, கால்களுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தின் வடிவத்தை வரையச் சொல்லலாம். இது வியக்கத்தக்க பயன் தரும். ஒரு தடவைக்கு ஒன்று போதும். காட்டவேண்டுமாயின் வேறொரு தாளிற் காட்டவேண்டும். பிள்ளையின் தாளில் ஆசிரியரின் பென்சில் ஒரு கோடும் இடலாகாது என்பதில் நாம் கண்டிப்பாக இருக்கின்றோம். ஆசிரியர் திருத்திய மூக்கு எத்துணை அழகாயிருப்பினும், வீட்டிற் காட்டும்போது பிள்ளை அந்த மூக்கை விரலால் மறைத்துக்கொள்வதை நாம் கண்டிருக்கின்றோம்.

இக்கருத்துகளை நாம் நூல்களில் வாசிக்கும் முன்னரே எமக்குக் கற்பித்த ஒரு தாள் உண்டு. 2008 ஆம் ஆண்டின் பிற்பகுதி. வன்னியிற் பாடசாலைக் கட்டடத்தை விட்டு நீங்கி, மரங்களின் கீழ் வகுப்பு நடத்திய நாட்கள். பழைய வினாத்தாள்களின் பின்புறமே சித்திரத் தாள். வகுப்பு முழுவதற்கும் இரண்டு பெட்டி பஸ்ரல். எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் ஒரு பதுங்குகுழியை வரைந்தான். மண்ணினூடாக உள்ளே தெரிந்தது: தாய், இரு சகோதரிகள், அவன். மேலே கிபிர் விமானம், வீட்டை விடப் பெரிதாக. குழிக்கு வெளியே மரத்தருகில் ஒரு சிறிய மனிதர்.

விமானத்தின் அளவு பிழையென எவரும் அவனிடம் கூறியிருக்க முடியுமா? நாம், "வெளியே நிற்பது யார்?" என்று கேட்டோம். "அப்பா" என்றான். "அப்பா என்ன செய்கிறார்?" என்றோம். விடை கூறாது தாளைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எடுத்துக்கொண்டு போய்விட்டான். மீண்டும் வந்தபோது குழியின் வலப்புறக் கோட்டை மேலும் நீட்டி, அதனுள்ளே தந்தையை இன்னொரு தடவை வரைந்திருந்தான். வெளியே நின்றவரை அழிக்கவில்லை. ஆகத் தாளில் இரண்டு அப்பாக்கள். போட்டி நடுவர் ஒருவர் அதனைக் குறையென்று எழுதியிருப்பார். "இப்போது உள்ளே ஐந்து பேர்" என்றோம். "ஓம்" எனத் தலையசைத்து, தன் பெயரை மூலையில் எழுதினான்.

அந்த நாட்களின் தாள்களுள் ஒன்றேனும் எம்மிடம் இல்லை. அதனாலேயே தெரேசின் முகாமின் கதையை நாம் முதன்முதலில் வாசித்தபோது பல நாள் அதனை விட்டு மீளமுடியாதிருந்தது. பிரீடல் டிக்கர்-பிராண்டைஸ் என்னும் ஓவியை 1942 டிசம்பரில் நாசிகளால் செக் நாட்டிலுள்ள அம்முகாமுக்கு அனுப்பப்பட்டார். அங்கு அடைபட்டிருந்த யூதச் சிறுவருக்கு அவர் இரகசியமாகச் சித்திரம் கற்பித்தார். முகாமில் மனிதருக்கு இலக்கங்களே இருந்தன; அவரோ ஒவ்வொரு பிள்ளையும் தன் படத்திற் பெயரை எழுதவேண்டும் என்றார். பெரியவர்கள் பிள்ளைகளைத் தம்மைப் போலாக்க அவசரப்படுவதை அவர் ஏற்கவில்லை. 1944 ஒக்டோபரில் அவர் அவுஸ்விட்ஸ் முகாமிற் கொல்லப்பட்டார். அவருடைய மாணவருள் மிகப் பெரும்பாலோரும் உயிர் தப்பவில்லை. அவர் புறப்படுமுன் மறைத்துவைத்த இரண்டு பெட்டிகளில் ஏறத்தாழ 4,500 சித்திரங்கள் இருந்தன. அவை இன்று பிராக் நகரிலுள்ள யூத அரும்பொருட் காட்சியகத்திற் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. வண்ணத்துப்பூச்சிகளும், வீடுகளும், மேசைமீது பூச்சாடிகளும் அவற்றில் உள்ளன. அவற்றுட் பலவற்றை யார் வரைந்தார் என்று இன்றும் கூறமுடிவது, அவ்வாசிரியை பெயரெழுதச் சொன்னமையாலேயே.

இவ்வாண்டு விழாவிற் சித்திரங்களுக்கு முதலாம், இரண்டாம், மூன்றாம் இடங்கள் வழங்கப்படவில்லை. பெற்றோர் கூட்டத்தில் இதற்கு எதிர்ப்பு இருந்தது. போட்டியின்றிப் பிள்ளை எவ்வாறு முன்னேறும் என ஒரு தந்தையார் கேட்டது நியாயமான கேள்வியே. பேச்சுப் போட்டியும் எழுத்துப் போட்டியும் வழமைபோல் நடைபெற்றுள்ளன. சித்திரத்துக்கு மட்டும் இவ்வாண்டு விலக்களிக்கும்படி வேண்டிப் பெற்றுக்கொண்டோம். மண்டப வாசலிலிருந்து சிற்றுண்டி மேசை வரையுள்ள சுவரில் எல்லா வகுப்பினரின் படங்களும் தொங்குகின்றன. ஒவ்வொன்றின் கீழும் அதனை வரைந்த பிள்ளை தமிழிற் கூறிய ஒரு வாக்கியத்தை, கூறியபடியே எழுதி ஒட்டியுள்ளோம். இலக்கணப் பிழைகள் எமக்குத் தெரிந்தே விடப்பட்டவை. அச்சுப்பிழையென எவரும் எம்மிடம் முறையிட வேண்டாம்.

பெற்றோரே, தேநீர் இடைவேளையில் உங்கள் பிள்ளையை அழைத்துக்கொண்டு அதன் படத்தின் முன் நில்லுங்கள். "இது யார்?" அல்லது "இங்கே என்ன நடக்கிறது?" எனக் கேட்டுவிட்டுக் காத்திருங்கள். தமிழ்ச் சொல் வந்து சேரச் சிறிது நேரம் செல்லும். அதனை நீங்கள் எடுத்துக் கொடுக்கவேண்டாம். அயலிலுள்ள படத்தையும் பார்த்து, அதனை வரைந்த பிள்ளை அருகில் நின்றால் அதனிடமும் ஒன்று கேளுங்கள். மாணவர்களே, உங்கள் நண்பரின் படத்தைப் பார்த்து "சூப்பர்" என்று மட்டும் கூறி ஓடிவிடாதீர்கள். கண்ட ஒன்றைச் சொல்லுங்கள். படங்கள் மாலை ஏழு மணி வரை சுவரில் இருக்கும். ரோல்ஸ் சாப்பிட்ட கையோடு தாள்களைத் தொடாதிருக்கும்படி அனைவரையும் அன்புடன் கேட்டுக்கொள்கின்றோம்.